மகள் அறையில் அழகர்: கார்டைத் தேய்க்கலாமா?

கேள்வி: மதுரை திருநகரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். சேர்த்து மாதம் 52,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கடன் தவணை 14,000, தபால் ஆபீஸ் ஆர்.டி. 3,000 (இரண்டு வருடம் கட்டியாயிற்று), மகளுக்கு இரண்டு வயதில் தொடங்கிய செல்வமகள் கணக்குக்கு 1,000. எல்லாம் போக 5,000 மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 20,000 இருக்கிறது. மகளுக்கு இப்போது ஆறு வயது. சித்திரைத் திருவிழாவில் அப்பா தோளில் உட்கார்ந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்ததிலிருந்து, தன் அறைச் சுவரில் தங்கக் குதிரையும் அழகரும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். 10 அடிக்கு 9 அடி சுவருக்கு, சதுர அடி 350 வீதம் ஓவியர் 31,500 கேட்கிறார். கிரெடிட் கார்டில் பணமாக எடுத்துக் கொடுத்துவிட்டுத் தவணையாகக் கட்டலாம் என்கிறார் கணவர். ‘பேத்தி கணக்கில் போடுங்கள்’ என்கிறார் மாமியார். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம். அடியில் பெயின்ட் லேசாக உதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வரையுங்கள். ஆனால் கடன் வாங்கி வேண்டாம், இந்த மாதமே வேண்டாம், 31,500 கொடுத்தும் வேண்டாம்.

முதலில் கார்டு. கடையில் கார்டைத் தேய்த்துப் பொருள் வாங்குவதும், அதே கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதும் ஒன்றல்ல. பொருள் வாங்கி, பில்லை முழுவதும் கட்டிவிட்டால், கட்ட வேண்டிய கடைசித் தேதி வரை வட்டி கிடையாது. பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்கு மேல் எடுப்புக் கட்டணம். பல கார்டுகளில் இது 2.5 சதவீதம், வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இரண்டின் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. உங்கள் 31,500-க்குக் கணக்குப் போட்டால் கட்டணமும் வரியும் 930 ரூபாய், முதல் மாத வட்டியும் வரியும் ஏறக்குறைய 1,300. ஒரே மாதத்தில் 2,200 ரூபாய்க்கு மேல் போய்விடும். தவணையாக மாற்றிக்கொள்ளலாம் என்று கணவர் நினைக்கிறார்; பணமாக எடுத்த தொகையைப் பெரும்பாலான வங்கிகள் இ.எம்.ஐ.யாக மாற்றித் தருவதில்லை. இதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

‘அப்படியானால் ஆர்.டி.யில் கை வைக்கலாமா’ என்று அடுத்து தோன்றும். தபால் ஆபீஸ் ஆர்.டி.யை மூன்று வருடம் முடியாமல் முடிக்க முடியாது. ஒரு வருடம் விடாமல் கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும், வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். உங்கள் ஆர்.டி.க்கு 6.7 சதவீதம் என்றால் கடனுக்கு 8.7. கார்டோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல்தான். ஆனாலும் அந்த வழி ஆஸ்பத்திரிச் செலவு, திடீர் வேலையிழப்பு போன்றவற்றுக்காக இருக்கட்டும். சுவர் காத்திருக்கும்.

மாமியார் சொல்வதைத் தட்டிக்கழிக்க வேண்டாம், அவர் கணக்கு சரியானது. செல்வமகள் கணக்கு தொடங்கியதிலிருந்து 21 வருடத்தில் முதிரும். உங்களுக்கு இன்னும் 17 வருடம் இருக்கிறது. இப்போதைய 8.2 சதவீதம் அப்படியே நீடித்தால் 31,500 அப்போது ஏறக்குறைய 1.2 லட்சம் ஆகியிருக்கும். (வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது என்பதால் இது உறுதியல்ல.) ஆனால் இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பிள்ளைக்கு ஒரு சைக்கிள்கூட வாங்கித்தர முடியாது. மாதம் 1,000 தவறாமல் போகிறது. அது நிற்காதவரை, குழந்தை ஆசைப்பட்ட ஒன்றுக்குச் செலவு செய்வதில் தப்பே இல்லை. ஆறு வயதில் கேட்டதைப் பதினாறு வயதில் செய்துகொடுத்து என்ன பயன்?

இனி சுவர். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். ஓதம் ஏறிய சுவரில் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் நிற்காது. குதிரையின் கால்தான் முதலில் உரிந்து விழும். உதிரும் இடத்தைச் சுரண்டிவிட்டு, ஓர் அடி சதுரத்துக்குப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கத்தில் நீர் முத்து கோர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது முதல் செலவு பிளம்பருக்கும் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு அடைப்பதற்கும்தான். அதைச் சரிசெய்து, சுவர் காய்ந்து, தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து ஈரமில்லை என்று தெரிந்த பிறகே பட்டி பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குள் ஓவியரிடம் மறுபடி பேசுங்கள். 90 சதுர அடிக்கும் 350 எதற்கு? மேலே பாதிச் சுவர் வெறும் வானம். கீழே ஒரு பக்கம் கட்டில் மறைக்கும். அழகரும் குதிரையும் கொஞ்சம் ஆற்றுத் தண்ணீரும் 6 அடிக்கு 5 அடியில் அழகாக அடங்கும். குழந்தையின் கண் மட்டத்துக்கும் அதுதான் பொருந்தும். 30 சதுர அடிக்கு 10,500. மீதிச் சுவருக்கு வீட்டுக்கு வழக்கமாக வரும் பெயின்டர் பிரைமரும் ஒரே நிறத்தில் எமல்ஷனும் அடித்துவிடுவார். பொருளும் கூலியும் சேர்த்து 4,500 ஒதுக்குங்கள். ஆக 15,000. சின்ன வேலை என்பதால் ஓவியர் சதுர அடிக்கு 50 ரூபாய் கூட்டிக் கேட்டால் கொடுங்கள், அது நியாயம்தான். கையால் வரைகிறவரிடம் அடிமாட்டு விலைக்குப் பேசக்கூடாது.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: சுவரில் கோட்டோவியம் போட்டதும் ஒரு பங்கு, நிறம் பாதி முடிந்ததும் ஒரு பங்கு, மேலே கழுவக்கூடிய வார்னிஷ் பூசி முடித்த பிறகு மீதி. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டா, பட்டி யார் செலவு என்பதை முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிஞ்சும் நிறங்களைச் சின்னப் பாட்டில்களில் கேட்டு வாங்கி வையுங்கள், கீறல் விழுந்தால் தொட்டுவிடலாம். வாடை போகும்வரை மகள் சில நாள் அப்பத்தாவோடு தூங்கட்டும்.

மாதம் மிஞ்சும் 5,000 மூன்று மாதத்தில் இந்த 15,000 ஆகிவிடும். பிளம்பர் வேலை வந்தால் இன்னொரு மாதம் பொறுங்கள். சேமிப்புக் கணக்கில் உள்ள 20,000-ஐத் தொட வேண்டாம். உண்மையில் அதுவே உங்கள் குடும்பத்துக்குக் குறைச்சல். இருவரில் ஒருவர் சம்பளம் நின்றால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. சுவர் வேலை முடிந்த அடுத்த மாதத்திலிருந்து அந்த 5,000 சம்பளத் தேதியிலேயே தனிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். கையிருப்பு 1 லட்சம் ஆகும்வரை அது நிற்க வேண்டாம். 20,000 ஏற்கெனவே இருப்பதால் 16 மாதம் போதும்.