கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது? நீதிபதி நியமனம் பற்றி வாசகர் கேள்விகள்

நீதிபதிகளே நீதிபதிகளை நியமித்துக்கொள்ளலாம் என்று அரசியல் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? (தஞ்சாவூர்)

எங்கேயும் இல்லை. நீதிபதி பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவைக் குறிக்கும் 'கொலீஜியம்' என்ற சொல்லே அதில் கிடையாது. உச்ச நீதிமன்றத்துக்கு 124, உயர் நீதிமன்றங்களுக்கு 217 என்று இரண்டு பிரிவுகள் உண்டு. தலைமை நீதிபதியைக் 'கலந்தாலோசித்து' குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்பதே அவற்றின் சாரம். கலந்தாலோசிப்பது என்றால் கேட்டுக்கொண்டால் போதுமா, கேட்டபடி நடக்கவும் வேண்டுமா? இத்தனை ஆண்டு வழக்கும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

1981-ல் எஸ்.பி. குப்தா வழக்கில், கேட்டால் போதும், முடிவு அரசுடையது என்றது உச்ச நீதிமன்றம். 1993-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப் போட்டு, தலைமை நீதிபதி தரப்பின் கருத்தே மேலோங்கும் என்றது. 1998-ல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் விளக்கம் கேட்க, இப்போதைய கணக்கு வந்தது: உச்ச நீதிமன்ற நியமனத்துக்குத் தலைமை நீதிபதியும் மூத்த நால்வரும், உயர் நீதிமன்ற நியமனத்துக்குத் தலைமை நீதிபதியும் மூத்த இருவரும்.

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில், தலைமை நீதிபதியின் சம்மதம் கட்டாயம் என்ற யோசனையை அம்பேத்கர் ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் குறைகள் உள்ள மனிதர்தான் என்பது அவர் வாதம். கொலீஜியத்தை எதிர்ப்பவர்கள் இதைச் சரியாகவே எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராயும், 1977-ல் எச்.ஆர். கன்னாவைத் தாண்டி எம்.எச். பேக்கும் அரசால் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. நீதிமன்றம் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டதற்கு அந்த இரண்டு சம்பவங்களின் நினைவும் காரணம்.

ஒரு வழக்கறிஞர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆக, கோப்பு எந்த வழியாகப் போகும்? (மதுரை)

தகுதி முதலில்: உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு வழக்கறிஞர் பணி, அல்லது நீதித்துறைப் பதவியில் பத்தாண்டு. வழக்கறிஞருக்குச் சுமார் 45 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ளது, சட்டத்தில் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு வழக்கறிஞர்களிலிருந்தும் ஒரு பங்கு கீழமை நீதிபதிகளிலிருந்தும் எடுப்பதும் வழக்கமே.

இடம் காலியாவதற்கு ஆறு மாதம் முன்பே உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, மூத்த இருவரோடு பேசிப் பெயர்களை அனுப்ப வேண்டும். பிரதி முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் போகும். மாநிலத்துக்கு ஆறு வாரம். அதற்குள் பதில் வராவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டெல்லியில் மத்திய உளவுத்துறை, அதாவது ஐ.பி., விசாரித்து அறிக்கை தரும். எல்லாவற்றையும் சட்ட அமைச்சகம் சேர்த்து இந்தியத் தலைமை நீதிபதிக்கு அனுப்பும். அவர் தம் இரு சகாக்களோடு, அந்த உயர் நீதிமன்றத்தை நன்கறிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் கேட்பார். வழக்கறிஞரின் வருமானம், அவர் வாதாடி வெளியான தீர்ப்புகள் எல்லாம் அங்கே எடைபோடப்படும். 2024 இறுதியிலிருந்து பெயர் வந்தவர்களை நேரில் அழைத்துப் பேசுவதும் நடக்கிறது.

பரிந்துரை திரும்பவும் சட்ட அமைச்சருக்கு, அங்கிருந்து பிரதமருக்கு, பிறகு குடியரசுத் தலைவருக்கு. ஒப்புதல் வந்ததும் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்குவார்கள். அதன் பிறகுதான் ஆணையில் கையெழுத்தும் அரசிதழ் அறிவிப்பும். பெரும்பாலும் முதலில் 'கூடுதல் நீதிபதி'யாக இரண்டு ஆண்டு வரை இருந்துவிட்டுத்தான் நிரந்தரம்.

அப்படியானால் இடங்கள் ஏன் காலியாகவே கிடக்கின்றன? சென்னையில் 75 இடங்களும் நிரம்பிப் பார்த்ததே இல்லையே. (சென்னை)

பழியை ஒரே இடத்தில் இறக்க முடியாது. ஆறு மாதம் முன்பே பெயர் அனுப்பும் விதியை உயர் நீதிமன்றங்களே பலமுறை மீறுகின்றன. ஆனால் பெயர் போன பிறகு ஏற்படும் தாமதம் வேறு வகை.

அரசுக்கு மறுக்கும் அதிகாரம் இல்லை. காரணம் சொல்லி ஒருமுறை திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் ஒருமனதாக மறுபடி வலியுறுத்தினால் நியமித்தாக வேண்டும். ஆனால் எத்தனை நாளுக்குள் என்று 217-ஆம் பிரிவு சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல் கோப்பை மேஜையிலேயே வைத்திருந்தால் அதுவே மறுப்பாகிவிடுகிறது. எழுத்தில் இல்லாத இந்த வீட்டோதான் எல்லாவற்றிலும் வலியது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது: ஐ.பி. அறிக்கைக்கு 4 முதல் 6 வாரம். மாநிலக் கருத்தும் அறிக்கையும் கிடைத்தபின் மத்திய அரசுக்கு 8 முதல் 12 வாரம். வலியுறுத்திய பெயர் என்றால் 3 முதல் 4 வாரம். கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பது மட்டும் இன்றுவரை தெளிவில்லை.

இரண்டாவது தந்திரம், பட்டியலைப் பிரிப்பது. 2022 பிப்ரவரியில் சென்னைக்கு ஆறு வழக்கறிஞர்களின் பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டன. நால்வர் அதே ஆண்டில் பதவியேற்றார்கள், இருவர் நின்றுபோனார்கள். அந்த இருவரில் ஒருவர் ஆர். ஜான் சத்யன். பிரதமரை விமர்சித்த கட்டுரையையும், மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை விட்ட மாணவி பற்றிய ஒரு பதிவையும் அவர் பகிர்ந்ததாக ஐ.பி. எழுதியது. 2023 ஜனவரியில், இதனால் தகுதி குறையாது என்று கொலீஜியம் அவர் பெயரை மறுபடி வலியுறுத்தியது. அன்றைய புதுப் பெயர்களுக்கு முன்னால் அவரை நியமிக்கவும் கேட்டது. புதுப் பெயர்களில் பலர் அடுத்த மாதமே பதவியேற்றார்கள், அவருக்கு நியமன ஆணை வரவில்லை. பணிமூப்பு போவது கவலை தருகிறது என்று மார்ச்சில் கொலீஜியம் தீர்மானத்தில் எழுத வேண்டியிருந்தது.

பணிமூப்பு இத்தனை முக்கியமா என்றால், ஆம். பதவியேற்கும் தேதியும் வரிசையும்தான் நாளைக்கு யார் கொலீஜியத்தில் உட்காருவார், யார் தலைமை நீதிபதி ஆவார் என்பதை முடிவு செய்கின்றன. உயர் நீதிமன்றத்தில் 62 வயதில் ஓய்வு. இரண்டு ஆண்டு தாமதம் ஒருவரின் பாதையையே மாற்றிவிடும். உச்ச நீதிமன்றத்திலும் இது நடந்தது. 2018 ஜனவரியில் பரிந்துரைக்கப்பட்ட கே.எம். ஜோசப்பின் பெயரை அரசு திருப்பி அனுப்பியது. ஆகஸ்டில் அவர் பதவியேற்றபோது வரிசையில் மூன்றாவது. முதலில் ஏற்றவர், சென்னைத் தலைமை நீதிபதியாக இருந்த இந்திரா பானர்ஜி.

தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை நாடாளுமன்றம் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேற்றியதே. ஐந்து நீதிபதிகள் எப்படி ரத்து செய்யலாம்? (சேலம்)

கொலீஜியத்துக்குப் பதிலாக வந்த அந்த ஆணையச் சட்டம் 2014 ஆகஸ்டில் நிறைவேறி, 2015 ஏப்ரல் 13-ல் அமலுக்கு வந்து, அக்டோபர் 16-ல் 4-1 என்ற கணக்கில் ரத்தானது. ஆறு உறுப்பினர்கள்: தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், 'புகழ்பெற்ற' நபர்கள் இருவர். அந்த இருவரைப் பிரதமர், தலைமை நீதிபதி, எதிர்க்கட்சித் தலைவர் தேர்ந்தெடுப்பார்கள்.

என் பார்வையில் கோளாறு அமைச்சர் உட்கார்ந்ததில் இல்லை, இரண்டு வரிகளில் இருந்தது. ஒன்று, எந்த இருவர் எதிர்த்தாலும் பரிந்துரை கிடையாது. மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னாலும், வெளியாட்கள் இருவர் தலையசைத்து மறுத்தால் முடிந்தது. இரண்டு, 'புகழ்பெற்றவர்' யார் என்பதற்கு வரையறையே இல்லை. சட்டம் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. நியமனத்தில் நீதித்துறையின் முதன்மை, நாடாளுமன்றமும் மாற்ற முடியாத அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு என்று சொன்ன பெரும்பான்மைக்கு, இந்த இரண்டும் கையில் கொடுத்த கத்தி. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி செலமேஸ்வர், மறு ஆண்டே கொலீஜியம் கூட்டத்துக்குப் போக மறுத்தார். அவர் குறை கூறியது ஒளிவுமறைவைத்தான்.

அதே 2015 டிசம்பரில், நியமனக் கோப்பு போகும் வழியை வகுக்கும் நடைமுறைக் குறிப்பாணையைத் திருத்தி எழுதும்படி நீதிமன்றம் அரசிடம் சொன்னது. 2016-ல் வரைவு போனது, 2017-ல் கொலீஜியம் பதில் எழுதியது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெயரை நிராகரிக்கலாமா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை.

ஆணையத்தை மறுபடி கொண்டுவர முடியுமா? (ஈரோடு)

முடியும். இரு அவைகளிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், பிறகு பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். நீதிபதிகளுக்குப் பெரும்பான்மை தந்து, இருவர் வீட்டோவை எடுத்துவிட்டு, கெடுவையும் காரணம் எழுதும் கடமையையும் சேர்த்தால் அடுத்த வழக்கில் நிற்க வாய்ப்புண்டு. பழையதையே திரும்ப அச்சடித்தால் நிற்காது.

வாரிசுகள்தான் வருகிறார்கள் என்பது உண்மையா? (கோவை)

சந்தேகத்தை வளர்த்தது மூடிய கதவு. 2017 அக்டோபரில்தான் தீர்மானங்களை இணையத்தில் போட ஆரம்பித்தார்கள்; முதல் தொகுப்பிலேயே சென்னை, கேரளப் பெயர்கள் இருந்தன. 2025 மே மாதம், பரிந்துரைக்கப்பட்டவர் எந்த நீதிபதிக்கு உறவு என்ற விவரமும் வெளியானது. நல்லதுதான். ஆனால் பல தீர்மானங்களில் காரணம் ஒரு வரியைத் தாண்டுவதில்லை.

உயர் நீதிமன்றங்களில் இடஒதுக்கீடு உண்டா? (விழுப்புரம்)

இல்லை. 2018 முதல் 2023 ஜூலை வரை நியமிக்கப்பட்ட 604 பேரில் 458 பேர் பொதுப் பிரிவு. பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 9, பிற பிற்படுத்தப்பட்டோர் 72, சிறுபான்மையினர் 34, விவரம் இல்லாதவர் 13. நாடாளுமன்றத்தில் சட்ட அமைச்சகமே தந்த கணக்கு. கூட்டாட்சி, சமூகநீதி என்று பேசும் நம் ஊர்க் கட்சிகள் கொலீஜியத்தை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்று தடுமாறுவதற்கு இந்த எண்கள்தான் காரணம்.

டெல்லி நீதிபதி வீட்டில் பணம் எரிந்ததாகச் செய்தி வந்ததும் ஆணையம் வேண்டும் என்றார்களே? (நாகர்கோவில்)

நியமனம் வேறு, நீக்கம் வேறு. நீக்குவதற்கு மக்களவையில் 100 அல்லது மாநிலங்களவையில் 50 உறுப்பினர் கையெழுத்து, மூவர் குழு விசாரணை, இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை என்று தனிப் பாதை இருக்கிறது. ஆணையம் வந்திருந்தாலும் அந்தப் பாதை மாறியிருக்காது.

என் மகள் சட்டம் படித்திருக்கிறாள். நீதிபதி ஆகத் தேர்வு எழுதலாமா? அதிலும் கொலீஜியம் உண்டா? (திருவண்ணாமலை)

சிவில் நீதிபதி பதவிக்குக் கொலீஜியம் கிடையாது, தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. ஆனால் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். ஆகவே முதலில் பார் கவுன்சிலில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.