சிடி நகலெடுக்கும்போது கடைசியில் வரும் பிழை

கேள்வி: லினக்ஸில் தரவை அப்படியே நகலெடுக்கும் 'டிடி' கட்டளை மூலம் ஒரு டேட்டா சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டின் நகலாக) எடுத்தேன். முடியும் தறுவாயில் 'இன்புட்/அவுட்புட் எரர்' என்று நின்றுவிட்டது. இந்த நகலை நம்பலாமா?

பதில்: பிழை கடைசி நொடியில்தான் வந்தது என்றால் பெரும்பாலும் நம்பலாம். ஆனாலும் சரிபார்க்காமல் அசலைக் கைவிட்டுவிடாதீர்கள்.

'டிராக் அட் ஒன்ஸ்' முறையில், அதாவது ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாக எழுதிய சிடிகளில், தரவு முடிந்த பிறகு வால்பகுதியில் 2 செக்டர்கள் (வட்டில் தரவு பதியும் சிறு துண்டுகள்) ஒட்டிக்கொண்டிருக்கும். எழுதும் கருவி லேசரை நிறுத்தும்போது விட்டுச்செல்பவை அவை. உங்கள் கோப்பு எதுவும் அவற்றில் இல்லை. டிரைவ் அவற்றையும் சேர்த்தே நீளம் சொல்கிறது. டிடி அதை நம்பிப் படிக்கப் போய் முட்டிக்கொள்கிறது.

எனவே நீளத்தை டிரைவிடம் கேட்காதீர்கள், வட்டில் உள்ள கோப்பு முறைமையிடம் கேளுங்கள். 'ஐஎஸ்ஓஇன்ஃபோ' கட்டளை 'வால்யூம் சைஸ்' என்ற எண்ணைக் காட்டும். அது 331000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு செக்டருக்கு 2048 பைட். ஆகவே டிடியில் 'பிஎஸ்=2048 கவுன்ட்=331000' என்று கொடுங்கள். பிழையே வராமல் முடியும். கோப்பின் அளவு 67,78,88,000 பைட் இருக்கும். ஒரு பைட் குறைந்தாலும் அது நகல் அல்ல. பல அமர்வுகளாக, அதாவது பல தடவை சேர்த்துச் சேர்த்து எழுதிய சிடிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த எண் முதல் அமர்வின் அளவை மட்டுமே சொல்லும்.

அடுத்து, வட்டை வெளியே எடுத்து மீண்டும் போடுங்கள். இல்லையேல் நினைவகத்தில் தங்கியதையே கணினி திரும்பப் படித்துக் காட்டக்கூடும். அதே எண்ணிக்கை செக்டர்களை டிடியால் படித்து, தரவுக்குக் கைரேகை போன்ற ஒரு குறியீட்டைக் கணக்கிடும் 'ஷா256சம்' கட்டளைக்கு அனுப்புங்கள். ஐஎஸ்ஓ கோப்புக்கும் அதே சோதனை. இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் அச்சு அசல் நகல் உங்கள் கையில்.

பிழை நடுவில் வந்தால் கதையே வேறு. அப்போது, பிழை வந்தாலும் நிற்காதே என்று டிடியிடம் சொல்லும் 'கான்வ்=நோஎரர்' சேர்த்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அதை மட்டும் சேர்க்காதீர்கள். படிக்க முடியாத செக்டரை டிடி விட்டுவிடும். அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் முன்னே நகர்ந்து, நல்ல கோப்புகளும் பாழாகும். கீறல் விழுந்த வட்டுக்கு, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் 'டிடிரெஸ்க்யூ' கட்டளைதான் சரி. எந்த இடம் படிக்கப்பட்டது, எது பாக்கி என்று அது ஒரு மேப் கோப்பில் குறித்துவைக்கும். ஒரு டிரைவ் திணறினால், அதே மேப் கோப்போடு வேறு டிரைவில் தொடருங்கள். விடுபட்ட செக்டர்களை மட்டும் அது தேடிப் படிக்கும்.