வாட்ச் 500 கலோரி குறைவு என்கிறது. எடை ஏன் அந்த அளவுக்கு இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 160 செ.மீ., எடை 68 கிலோ. கையில் கட்டியிருக்கும் டிராக்கர் தினமும் சுமார் 2,050 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது. சாப்பிடுவதை ஆப்பில் பதிவு செய்கிறேன், 1,550 வருகிறது. அப்படியானால் நாளுக்கு 500 குறைகிறது. ஆனால் ஒரு மாதத்தில் அரை கிலோதான் இறங்கியிருக்கிறது. காலையில் எழும்போதே 300-க்கு மேல் எரித்ததாக வேறு காட்டுகிறது. மாலையில் 45 நிமிடம் நடந்துவிட்டு வந்தால், இன்னும் 180 கலோரி சாப்பிடலாம் என்கிறது ஆப். எதை நம்புவது?

பதில்: காலையில் காட்டும் அந்த 300-ல் தவறு இல்லை, முதலில் அதை முடித்துவிடுவோம். படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதற்கான செலவை மிஃப்லின் - செயின்ட் ஜியோர் என்ற சூத்திரத்தில் கணக்கிடலாம்: எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, பெண் என்றால் இன்னொரு 161-ஐக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 1,329 வருகிறது. மணிக்கு சுமார் 55. நள்ளிரவில் புதுக் கணக்கைத் தொடங்கும் டிராக்கர், காலை ஆறு மணிக்கு 330 காட்டத்தான் செய்யும். மதியம் 12 மணிக்கு 'எரித்தது', 'சாப்பிட்டது' இரண்டையும் ஒப்பிட்டுக் கவலைப்படுவதிலும் அர்த்தமில்லை. அரை நாள் செலவு இன்னும் பாக்கி இருக்கிறதே.

நடைக்கான 180-ல்தான் சிக்கல். 68 கிலோ எடையுள்ள ஒருவர் 45 நிமிடம் மிதமான வேகத்தில் நடந்தால் மொத்தச் செலவு ஏறக்குறைய 180 வரும், உண்மை. ஆனால் அந்த 45 நிமிடமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே 50 செலவாகியிருக்கும். நடந்ததால் கூடுதலாகக் கிடைத்தது 130 மட்டுமே. உங்கள் ஆப் அந்த 50-ஐ ஏற்கெனவே நாள் கணக்கில் சேர்த்திருந்தால், 180-ஐ அப்படியே திருப்பிச் சாப்பிடும்போது அதே 50 இரண்டு முறை எண்ணப்படுகிறது. டிராக்கரில் 'ஆக்டிவ்', 'டோட்டல்' என்று இரண்டு எண்கள் இருந்தால், உடற்பயிற்சிக்கு 'ஆக்டிவ்' எண்ணைப் பாருங்கள். ஆப்பில் 'நன்றாக நடமாடுபவர்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு, டிராக்கரையும் அதோடு இணைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியானால் ஒரே நடமாட்டம் இரண்டு முறை எண்ணப்படலாம். சில ஆப்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும், சில செய்யாது. டிராக்கர் இணைந்திருக்கும்போது 'அதிகம் நடமாடாதவர்' என்று வைப்பதே பாதுகாப்பு.

சரி, 2,050 என்ற எண்ணையே எவ்வளவு நம்பலாம்? டிராக்கர் கலோரியை நேரடியாக அளப்பதில்லை. நாடித்துடிப்பு, கை அசைவு, நீங்கள் கொடுத்த வயது, எடை ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். நாடித்துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு சொல்லின. கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமான கருவி 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன, ஊகிக்கும் முறை மாறவில்லை. வெயில், காபி, படபடப்பு எல்லாமே நாடியை ஏற்றும். அதை உழைப்பு என்று டிராக்கர் நினைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் மோசம் என்பேன். எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறைவதே இல்லை என்று சொன்னவர்களை வைத்து 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தது தெரியவந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. சமைக்கும்போது ஊற்றியதை யார் பதிவு செய்கிறார்கள்? ருசி பார்த்தது, மிச்சம் வைத்ததை முடித்தது எல்லாம் இப்படியே தப்பிவிடும்.

ஆகவே இரண்டு ஊகங்களைக் கழித்துக் கிடைத்த 500-ஐ விடுங்கள், எடை மிஷினிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. அரை கிலோவுக்கு 3,850. 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 130. அதாவது கருவியும் ஆப்பும் சேர்ந்து 500 குறைவு என்று காட்டும்போது உங்கள் உடலுக்கு அது 130. நடுவில் காணாமல்போன 370 வாட்சில் இருக்கிறதா, தட்டில் இருக்கிறதா என்று துப்பறிய வேண்டியதில்லை. ஒரே மாதிரி பதிவு செய்யும்வரை அந்த வித்தியாசமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மாதம் ஒரு கிலோ குறைய வேண்டுமானால் இன்னொரு 130 தேவை: இன்னொரு 45 நிமிட நடை, அல்லது நடையில் பாதியும் தட்டில் பாதியுமாக. ஏற்கெனவே குறைவாகப் பதிவாகும் 1,550-ஐ மேலும் இறுக்கி 1,200-க்குக் கீழே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தக் கணக்குக்கு எடை சரியாகப் பதிவாக வேண்டும். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன் நிற்க வேண்டும். தினசரி எண்ணைப் பார்க்காமல் வாரச் சராசரியை எடுங்கள். உப்பும் தண்ணீரும் சேர்ந்து ஒரே நாளில் ஒரு கிலோ ஏற்றி இறக்கும். மாதவிடாய்க்கு முன்பும் நீர் தேங்கும் என்பதால், அதே சுழற்சி வாரத்தை அடுத்த மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கலோரியைக் குறைக்கக் கூடாது. எண்ணைப் பார்த்தால்தான் சாப்பிட முடிகிறது என்ற அளவுக்கு வந்துவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் அந்தத் திரையையே அணைத்து வைப்பது நல்லது.

அப்புறம், எடை குறைந்தால் டிராக்கரில் உங்கள் எடையை மாற்றுங்கள். ஐந்து கிலோ குறைந்தால் மேலே சொன்ன சூத்திரப்படி ஓய்வுச் செலவே நாளுக்கு 50 குறையும், நடைக்கான கலோரியும் குறையும்.