லென்ஸ்ல மண்ணு இருந்தா துணிய எடுக்காதீங்க: கேமரா கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, உவரி வைகாசி விசாகத்துக்கு படம் எடுக்கப் போயிருந்தேன். கடக்கரையில சரியான காத்து. வீட்டுக்கு வந்து பார்த்தா லென்ஸ் கண்ணாடி மேல பொடி மண்ணு, அதோட வெள்ளையா உப்புப் படலம் வேற. புது லென்ஸ், கர்ச்சீப்பால தொடச்சா கீறல் விழுமா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: தம்பி, தொடைக்கறதுக்கு முன்னாடி கேட்டியளே, அதுலயே லென்ஸ் பாதி தப்பிச்சுட்டு. கர்ச்சீப்ப பையிலயே வச்சுக்கோங்க.

கண்ணாடியக் கீறுறது துணி இல்ல, துணிக்கு அடியில மாட்டிக்கிற மணல்தான். உவரி பக்கத்து கடக்கரையில அங்கங்க செவப்பும் கறுப்புமா மின்னுமே, அதுல கார்னெட், இல்மனைட்டுன்னு கனிமம் கெடக்கு, அந்த கார்னெட்டத்தான் உப்புத்தாள் செய்யவும், இரும்ப அறுக்குற வாட்டர்ஜெட் மெஷின்லயும் போடுதாங்க. சாதா மண்ணும் லேசுப்பட்டது இல்ல, அது குவார்ட்ஸ், கடினத்த அளக்குற மோஸ் அளவுல 7, கண்ணாடி சுமாரா 5.5தான். அந்த மண்ணு மேல கர்ச்சீப்ப வச்சு தேய்ச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதான். இதுல கண்ணாடி மேல பிரதிபலிப்பக் குறைக்க கோட்டிங் வேற இருக்கு, அதுல ஒரு அடுக்கு சுமாரா 100 நானோமீட்டர், அதாவது நம்ம நோட்டுப் பேப்பர் கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. நான் தொழிலுக்கு வந்த புதுசுல தேரிக்காட்டுல படம் எடுத்துட்டு வேட்டி முனையால ஒரே ஒரு தடவ தொடச்சேன், துவைச்சுத் துவைச்சு பூ மாதிரி ஆன வேட்டி, அப்படியிருந்தும் முடி கனத்துக்கு நாலு கோடு விழுந்துட்டு. அந்த லென்ஸ எடுக்கும்போதெல்லாம் இன்னைக்கும் மனசு உறுத்துது.

அதனால முதல்ல காத்து. ரப்பர் பந்து மாதிரி இருக்கிற ஏர் புளோயர் ஒண்ணு வாங்கிக்கோங்க, லென்ஸக் கவுத்துப் பிடிச்சு கீழ இருந்து ஊதுங்க, அப்பத்தான் மண்ணு தரையில விழும், இல்லன்னா ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குப் போயி உக்காந்துக்கிடும். வாயால ஊதுனா எச்சி தெறிக்கும். பஞ்சர் கடையில போயி காத்தடிச்சுட்டு வாரவங்களையும் பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம், அந்தக் காத்துல எண்ணெயும் ஈரமும் கலந்து வரும், பிரஷர் தாங்காம தூசி லென்ஸுக்குள்ளயே போயிரும். ஊதியும் ஒட்டிக்கிட்டு இருக்கறத மெல்லிசான லென்ஸ் பிரஷ்ஷால தட்டி விடுங்க. பிரஷ் முடிய வெரலால தொடக் கூடாது, வெரல்ல இருக்கிற எண்ணெய் முடியில ஏறி அப்படியே கண்ணாடிக்கு வந்துரும்.

அடுத்தது உப்பு. காஞ்ச உப்ப தேய்க்கக் கூடாது, கரைக்கணும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் சீல் பிரிக்காதது வாங்கி (ஆசிட் இல்ல, தண்ணி, கடையில தெளிவா சொல்லிக் கேளுங்க), லென்ஸ் டிஷ்யூவுல ரெண்டு சொட்டு விட்டு, கண்ணாடி மேல சும்மா ஒத்தி ஒத்தி எடுங்க. ஒவ்வொரு தடவையும் டிஷ்யூவோட புதுப் பக்கம். உப்பு போனதும் லென்ஸ் கிளீனர் ஒரு சொட்டு, அதையும் துணியிலதான் விடணும், நேரா கண்ணாடியில விட்டா ஓரம் வழியா உள்ள எறங்கிரும். அப்புறம் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால நடுவுல ஆரம்பிச்சு வட்டம் வட்டமா வெளிய பாத்து, பைய தொடைங்க, அமுக்காதீங்க. அந்தத் துணியத் துவைக்கும்போது வாசன லிக்விட் எதுவும் ஊத்திராதீங்க, அது கண்ணாடியில எண்ணெய் மாதிரி படியும்.

இன்னொண்ணு, முன் கண்ணாடியில நாலு தூசி இருந்தா படத்துல தெரியவே தெரியாது, அதுக்காக தெனமும் தொடைக்காதீங்க. பின் கண்ணாடியிலதான் கவனம் வேணும், அங்க கைரேக பட்டா படம் மங்கும்.

கேள்வி: கோயில் கொடைக்குப் போனா சூடம் பொகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் லென்ஸ்ல படியுது. கையில சானிடைசர்தான் இருந்துச்சு, அதுல தொடைக்கலாமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: வேண்டாம்மா. சானிடைசர்ல கை காயாம இருக்க கிளிசரின் மாதிரி பொருள் போடுவாங்க, அது பிசுபிசுன்னு தங்கிரும். சுத்தமான ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போதும், அது தங்காம ஆவியாயிரும். நெயில் பாலிஷ் எடுக்கிற அசிட்டோன் பக்கமே போகாதீங்க, லென்ஸச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக்கையே அது கரைச்சுரும். விபூதி குங்குமம் பட்டிருந்தாலும் முதல்ல ஊதிட்டுத்தான் மத்தது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் பீரோவுல இருந்த எங்க அப்பாவோட பழைய லென்ஸ்குள்ள சிலந்தி வல மாதிரி தெரியுது. எவ்வளவு தொடச்சாலும் போகல.
(வாசகர், திருநெல்வேலி ஜங்ஷன்)

பதில்: தொடச்சா போகாதுங்க, அது பூசணம், கண்ணாடிக்கு உள்பக்கம் பிடிச்சிருக்கு. வெளிய எவ்வளவு தேய்ச்சாலும் கோட்டிங்குக்குத்தான் கேடு. ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நீங்களே பிரிச்சிராதீங்க, உள்ள கண்ணாடிங்க இம்மி பிசகாம உக்காந்திருக்கும், திரும்ப அப்படிப் பொருத்த முடியாது. நல்ல லென்ஸ் மெக்கானிக்கிட்ட சீக்கிரமா குடுங்க, பூசணம் விடுற அமிலம் கண்ணாடியவே அரிச்சுரும், அரிச்ச எடம் அரிச்சதுதான். அப்பா வச்சிருந்த பொருள், விட்டுராதீங்க. சரியாகி வந்ததும் தோல் பையில வைக்காம, காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்ணும் உள்ள போட்டு 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க. ஐப்பசி கார்த்திகையில அடிக்கடி பாக்கணும். அரிசி டப்பாவுல புதைக்கறவங்க இருக்காங்க, அரிசி மாவு லென்ஸ் இடுக்குல போயி அடைஞ்சுக்கிடும், அது வேண்டாம்.

கேள்வி: ஏற்கனவே கீறல் விழுந்துட்டு அண்ணாச்சி. டூத் பேஸ்ட் போட்டு தேய்ச்சா போகும்னு சொல்லுதாங்க.
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: போகாது தம்பி, பேஸ்ட்லயும் தேய்க்கிற பொடிதான் இருக்கு, இருக்கிற கோட்டிங்கும் போயிரும். சின்னக் கீறல்னா அப்படியே வச்சு எடுங்க, சாதாரண வெளிச்சத்துல தெரியாது, சூரியன் எதிர்ல இருந்தாத்தான் படம் வெளுக்கும், அதுக்கு லென்ஸ் முன்னாடி வெளிச்சத்த மறைக்கிற லென்ஸ் ஹூட் மாட்டுங்க. கூந்தன்குளத்துக்கு பறவை எடுக்கப் போனா காலையில சூரியன முதுகுப் பக்கம் வச்சு நில்லுங்க.