முன்பாரம் இழுக்கும் செயின்சா: லைட் வெயிட் பார் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். கிளை கழிக்கவும், சாய்ந்த மரத்தைத் துண்டு போடவும் 58 சிசி செயின்சா ஒன்றை 22 அங்குல பாருடன் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) வாங்கினோம். அரை மணி நேரம் பிடித்தாலே தோளும் இடுப்பும் கழன்றுபோகின்றன. முன்பக்கம் தரையைப் பார்த்தே இழுக்கிறது. ‘லைட் வெயிட் பார்’ போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். விலையோ சாதாரண பாரைவிட இரண்டு மடங்கு. வாங்கலாமா? அதற்கு எந்தச் செயின் பொருந்தும்?

பதில்: வாங்கலாம், ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு. முதலில் பாரின் நீளத்தைக் குறையுங்கள். அடுத்து செயினைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் கனம் தெரிந்தால் மட்டும் லைட் பார் பக்கம் போகலாம்.

கையை இழுப்பது பாரின் எடை மட்டுமல்ல, அந்த எடை கைப்பிடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதும்தான். ஒரே அகலம், ஒரே பருமன் கொண்ட பாரில் 22 அங்குலத்திலிருந்து 16 அங்குலத்துக்கு இறங்கினால் எடை கால் பங்குக்கு மேல் குறையும். எடையின் நடுப்புள்ளியும் மூன்று அங்குலம் உங்கள் பக்கம் நகரும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், பழைய முன்பாரத்தில் பாதியை ஒட்டித்தான் மிஞ்சுகிறது. 18 அங்குலத்தில் நின்றாலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். செயினும் கூடவே குட்டையாவதால் அந்த எடையும் கழிகிறது. 22 அங்குலத்திலேயே நின்றுகொண்டு விலை உயர்ந்த லைட் பார் போட்டால் 200 முதல் 300 கிராம் வரை குறையலாம். நல்ல குறைவுதான். ஆனால் சாதாரண 16 அங்குல பார் அதைவிட அதிகமாகச் செய்யும், விலையும் குறைவு.

‘16 அங்குலத்தில் பெரிய மரம் அறுபடுமா’ என்ற சந்தேகம் வரும். கிளைக்கு அதுவே அதிகம். படுத்த மரத்தை இரண்டு பக்கமும் மாறி அறுத்தால், பாரின் நீளத்தைவிடப் பருத்த துண்டையும் முடிக்கலாம். அடிமரம் பருத்த மரத்தை வீழ்த்தும் நாளுக்கு அந்த 22 அங்குலத்தையும் அதன் செயினையும் எண்ணெய் தடவி வைத்திருங்கள். பிட்ச், அதாவது செயின் ரிவெட்டுகளின் சராசரி இடைவெளி, மாறாதவரை இரண்டையும் மாற்றிப் போட ஐந்து நிமிடம் போதும். 58 சிசி எஞ்சினுக்குக் குட்டை பார் சுமையே இல்லை. வெட்டு வேகமாகவே இருக்கும்.

இனி அளவுகள். செயினுக்கு மூன்று எண்கள் உண்டு: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. மூன்றும் பாருடன் ஒத்துப்போக வேண்டும். பிட்ச் மட்டும் எஞ்சின் பக்கத்து ஸ்பிராக்கெட்டுடனும் (செயினைச் சுழற்றும் பற்சக்கரம்) ஒத்துப்போக வேண்டும்.

பிட்ச் அளக்க, அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை எடுத்து முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுங்கள். வகுப்பதற்கு முன் சுமார் 16.5 மில்லிமீட்டர் வந்தால் பிட்ச் 0.325 அங்குலம். 18.6 முதல் 19 வரை வந்தால் 3/8. கேஜ் என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்கின் தடிமன்: 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என நான்கு அளவுகள் சந்தையில் உண்டு. டிஜிட்டல் காலிப்பர் இருந்தால் அரை நிமிடத்தில் தெரியும். இல்லாவிட்டால் டிரைவ் லிங்கின் மேல் பொறித்த எண்ணைப் பாருங்கள். ஓரிகான் கம்பெனிச் செயினில் 20, 21, 22 என்ற எண்கள் மூன்றும் 0.325 பிட்ச்; கேஜ் முறையே 1.3, 1.5, 1.6. அதிலேயே 90, 91 என்று இருந்தால் தணிந்த உயரமுள்ள 3/8, அதாவது ‘லோ புரொஃபைல்’. ஸ்டில் கம்பெனிச் செயினில் டிரைவ் லிங்க் மேலுள்ள ஒற்றை எண் கேஜைச் சொல்கிறது: 3 என்றால் 1.3, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6.

உங்களுடையதுபோன்ற 58 சிசி மெஷின்கள் பெரும்பாலும் 0.325 பிட்ச், 1.5 கேஜில் வருகின்றன. 22 அங்குலத்துக்கு 86, 20-க்கு 76, 18-க்கு 72, 16-க்கு 64 டிரைவ் லிங்க் என்பது அவற்றில் வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். ஒரே 18 அங்குலம் என்று எழுதிய பாருக்கு வேறு கம்பெனி மெஷினில் 68 லிங்க் போதும். காரணம், பாரின் வால் பகுதி மெஷினுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது மாறும். ஆகவே செயின் வாங்கும்போது ‘18 அங்குலச் செயின்’ என்று கேட்காதீர்கள். பார் வந்த பிறகு டிரைவ் லிங்கை எண்ணி, அந்த எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள்.

பாரின் வால் பகுதியில் மூன்று இடங்கள் பொருந்த வேண்டும்: போல்ட் நுழையும் நீளத் துளையின் அகலம், செயினை இறுக்கும் டென்ஷன் முள் உட்காரும் துளை, எண்ணெய்த் துளை. பழைய பாரைக் கையோடு கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. எண்ணெய்த் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் பார் மாட்டும், மெஷின் ஓடும், செயினுக்கு மட்டும் எண்ணெய் போகாது. ஒரே வாரத்தில் விளிம்பு சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். ஓரிகான் பார் என்றால் அதன் எண்ணிலேயே பாதி விவரம் இருக்கிறது: முதல் இரண்டு இலக்கம் அங்குல நீளம், மூன்றாவது இலக்கம் 0 என்றால் 1.3 கேஜ், 8 என்றால் 1.5, 3 என்றால் 1.6, கடைசியில் வரும் எழுத்தும் எண்ணும் வால் பகுதியின் வகை.

செயினில் எடையைக் குறைக்கிறேன் என்று பலர் செய்யும் தவறு, பெரிய எஞ்சினில் 3/8 லோ புரொஃபைல் போடுவது. சின்னச் செயின், இலேசாக இருக்கும், வெட்டும் இடமும் ஒடுக்கம். ஆனால் அது சுமார் 40 சிசி வரையுள்ள மெஷின்களுக்கானது. 58 சிசியின் இழுவையில் அது நீண்டுகொண்டே போகும், ரிவெட் தேயும், அறுந்தால் ஆள்மேல் அடிக்கும். போதாததற்கு ஸ்பிராக்கெட்டையும் மாற்ற வேண்டும். அந்த வழி வேண்டாம்.

0.325 பிட்சிலேயே நின்று 1.3 கேஜுக்கு இறங்கலாம். ஸ்பிராக்கெட் அப்படியே இருக்கும், பாரும் செயினும் சேர்ந்து மாற வேண்டும். 1.5 பள்ளத்தில் 1.3 செயின் ஓடும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். ஓடத்தான் செய்யும், ஆனால் லிங்க் சாய்ந்து சாய்ந்து ஓடி, வெட்டு வளையும். பள்ளத்தின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேயும். இன்னொரு சிக்கல்: ‘நேரோ கெர்ஃப்’ எனப்படும் ஒடுங்கிய வெட்டுச் செயினுக்கு அதற்கென்றே மெலிந்த உடல் கொண்ட பார் வேண்டும். சாதாரண பாரில் அந்தச் செயினைப் போட்டால், செயின் அறுக்கும் பிளவைவிட பாரின் உடல் தடித்துப்போகும். பச்சை மரத்தில் பாதிவரை போய்ச் சிக்கிக்கொள்ளும். இந்த ஒடுங்கிய 0.325 செயின்களைத் தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய 50 சிசி வரைக்குத்தான் பரிந்துரைக்கிறார்கள். எனவே உங்கள் 58 சிசிக்கு 1.5 கேஜ், சாதாரண வெட்டு அகலம் என்பதே சரி.

பல்லின் வகை: மூலை சற்று உருண்ட செமி சிசெல் வாங்குங்கள். மூலை கூர்மையான ஃபுல் சிசெல் சுத்தமான மரத்தில் வேகமாகப் போகும். பாசியும் தூசியும் படிந்த பட்டை, மண்ணில் கிடக்கும் துண்டு என்று அறுக்கும்போது அந்த மூலைதான் முதலில் மழுங்கும். செமி சிசெல் சற்று மெதுவானாலும் கூர் நிற்கும், கையரத்தால் தீட்டவும் எளிது. எடை குறைய வேண்டுமென்று பல் விட்டுவிட்டு வரும் ஸ்கிப் செயின் கேட்காதீர்கள். அது மிக நீண்ட பாருக்கானது. 16 அங்குலத்தில் கிளையை வெட்டினால் உதறும்.

இப்போது லைட் பார். பார்களில் இரண்டு குடும்பம். ஒன்று, ஒரே எஃகுத் தகட்டில் பள்ளம் தோண்டிய கெட்டி பார். 18 அங்குலத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். மற்றது, மூன்று தகட்டை அடுக்கி ஸ்பாட் வெல்டிங் செய்த லேமினேட் பார். நடுத்தகடு குட்டையாக இருப்பதால் பள்ளம் தானாக அமைகிறது. லேமினேட்டில் நடுத்தகட்டைக் குடைந்துவிட்டால் எடை குறைகிறது. விலை உயர்ந்த லைட் பார்கள் உள்ளே வெற்றிடம் விட்டோ, குடைந்த இடத்தில் அலுமினியம் பதித்தோ செய்யப்படுகின்றன. ஸ்டில், ஹஸ்க்வர்னா, ஜப்பானின் சுகிஹாரா, சுமுரா ஆகிய கம்பெனிகளில் இந்த வகை உண்டு. இவற்றின் பலன் 24 அங்குலத்துக்கு மேல்தான் காசுக்கு ஏற்றதாகத் தெரியும். 16 அங்குலத்தில் சாதாரண லேமினேட் பாரே போதுமான அளவு இலேசு.

இலேசான பாரின் பலவீனம் முறுக்கு. வெட்டில் சிக்கிய பாரை மெஷினோடு சேர்த்து நெம்பி எடுக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய. கெட்டி பார் அதைத் தாங்கும், வளைந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். குடைந்த பார் ஒருமுறை மடங்கினால் வெல்டிங் விட்டுப்போகும். சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, ஆப்பு அடித்துப் பிளவைத் திறந்துதான் எடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நுனி இலேசாக இருந்தால், மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டு எகிறும்போது அது இன்னும் வேகமாக மேலே வரும். செயின் பிரேக் விழுகிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

‘லைட் வெயிட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய எல்லாம் லைட் அல்ல. கடையிலேயே இரண்டு பாரையும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே நீளத்தில் 100 கிராம்கூட வித்தியாசம் இல்லையென்றால் கூடுதல் விலை பெயின்டுக்குத்தான். பாரை விளிம்பு மேலாகப் பிடித்து ஒரு கண்ணால் நுனிவரை பாருங்கள், வளைவு தெரியும். செயின் ஓடும் விளிம்பில் அரத்தை இலேசாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கடித்தால் விளிம்பு கடினப்படுத்தப்படவில்லை, சீக்கிரம் பிதுங்கிவிடும். நுனிச் சக்கரம் விரலால் சுற்றினால் தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும்.

மாட்டும்போது புதுச் செயினைச் சில மணி நேரம் பார் ஆயிலில் ஊறப்போடுங்கள். பாரின் மூக்கைக் கையால் தூக்கிப் பிடித்தபடியே டென்ஷன் திருகை முறுக்கி, தூக்கியபடியே நட்டை இறுக்குங்கள். செயின் பாரின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் நகரவும் வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் பாதி வேகத்தில் சும்மா ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி டென்ஷன் பாருங்கள். புதுச் செயின் முதல் நாளில் நீளும். சூடான செயினை இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆறும்போது சுருங்கி கிராங்க் ஷாஃப்டின் பேரிங்கை இழுக்கும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

எண்ணெய்க்கு, வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவதுதான் பெரும்பாலான தோட்டங்களில் நடக்கிறது. அதில் உலோகத் துகள் இருக்கிறது, ஒட்டும் தன்மை போய்விட்டது. பம்ப்பும் பள்ளமும் சேர்ந்து கெடும். தோலுக்கும் ஆகாது. பார் ஆயில் கிடைக்காத நாளில் புது எஞ்சின் ஆயில் பரவாயில்லை. எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, வெட்டிய மரத்தின் வெளிறிய முகத்துக்கு ஒரு சாண் தள்ளி மூக்கைக் காட்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள்; எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

தீட்ட 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி கோணம். பல்லின் முன்னாலிருக்கும் டெப்த் கேஜ் என்ற மேடு, பல்லின் வெட்டும் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் தாழ்த்தினால் செயின் மரத்தைக் கவ்வி உதறும், பாதிக் களைப்பு அங்கிருந்துதான் வரும். மழுங்கிய செயினும் அப்படியே: தூள் மாவாக விழுந்தால் நீங்கள் அழுத்தி அறுக்கிறீர்கள் என்று பொருள். சீவலாக விழும்வரை தீட்டுங்கள். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். ஸ்பிராக்கெட்டில் செயின் பதிந்த தடம் அரை மில்லிமீட்டர் ஆழமானால் அதை மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட் புதுச் செயினையும் கெடுத்துவிடும்.

கிளை கழிக்கும் நாளில் டேங்க்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். இந்த வகை மெஷினில் சுமார் அரை லிட்டர் பெட்ரோலும் கால் லிட்டர் பார் ஆயிலும் பிடிக்கும். இரண்டும் நிறைந்தால் 600 கிராம் ஏறுகிறது. பாதியாக நிரப்பினால் 300 கிராம் குறைந்துவிடும், லைட் பார் தருகிற அதே குறைவு, செலவில்லாமல்.

இத்தனைக்குப் பிறகும் 58 சிசி மெஷினின் உடல் எடை அப்படியேதான் இருக்கும். உங்கள் வேலையில் பெரும்பகுதி ஆறு, எட்டு அங்குலக் கிளைகள் என்றால், லைட் பாருக்கு ஒதுக்கிய பணத்தோடு இன்னும் சேர்த்து 30 முதல் 35 சிசிக்குள் இரண்டாவது மெஷின் ஒன்று பாருங்கள். பாரும் செயினும் இல்லாமல் சுமார் நான்கு கிலோ வரும் வகை. 14 அங்குல பார், 3/8 லோ புரொஃபைல், 1.1 கேஜ் செயின். அதற்கு அரம், செயினைப் பொறுத்து 4 அல்லது 4.5 மில்லிமீட்டர். கொடி ஏறிய மரத்தின் மேல் ஏணி வைத்து 58 சிசியைத் தூக்குவது எந்தப் பார் போட்டாலும் கூடாது. உயரத்துக் கிளைக்கு நீளக் கம்பில் மாட்டும் ரம்பமே பாதுகாப்பு.