விழுந்த மரத்தை ஏன் அகற்றுவதில்லை?

கேள்வி: போலந்தில் உள்ள பியாவோவியேஷா காட்டுக்குச் செல்லவிருக்கிறோம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது என்கிறார்கள். பட்டுப்போய் விழுந்த மரங்களைக்கூட அகற்றாமல் போட்டிருக்கும் காட்டுக்கு இத்தனை கெடுபிடி எதற்கு? காட்டெருதை (ஐரோப்பிய பைசன்) பார்க்க எந்தப் பருவம் ஏற்றது?

பதில்: தேசியப் பூங்காவின் கடுங்காப்புப் பகுதிக்குள் மட்டுமே உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம், அதற்கு வெளியே நீங்களாகவே நடந்து பார்க்கக்கூடிய பாதைகள் நிறைய உள்ளன. கெடுபிடிக்குக் காரணமே நீங்கள் குறையாகக் குறிப்பிட்ட அந்த மரங்கள்தாம். சாய்ந்து கிடக்கும் ஒரு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தருகே குனிந்து பாருங்கள்: பட்டை உரிந்த இடத்தில் வண்டுப் புழுக்கள் குடைந்த வரிகள், ஈரம் ஊறிய பக்கத்தில் பாசி, அந்தப் பாசியில் வேர்விட்டு விரலளவு உயரத்தில் வரிசையாக எழுந்து நிற்கும் புதிய கன்றுகள். இளைப்பாறுவதற்காக ஒருவர் அதன்மேல் உட்கார்ந்தாலே, பல ஆண்டுகளாக மக்கி வந்த கட்டையில் முளைத்த அந்த வரிசை நசுங்கிவிடும். நின்றபடியே பட்டுப்போன மரங்களோ மூவிரல் மரங்கொத்திக்கு இரை தரும் இடம்.

ஸ்புரூஸ் மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் பட்டை வண்டுகளைக் காரணம் காட்டி 2016-இல் போலந்து அரசு இக்காட்டின் ஒரு பகுதியில் மரம் வெட்டும் அளவை உயர்த்தியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என 2018 ஏப்ரலில் அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிகப் பழமையான ஒரு காட்டை வெட்டிவிட்டு நட்டு வளர்த்து ஈடுசெய்ய முடியாது என்பதால், அத்தீர்ப்பு எனக்கு உண்மையாகவே ஆறுதல் தந்தது.

சதுப்பு நிலத்தில் ஆல்டர் மரங்கள் தேங்கிய நீருக்கு மேலே எழுந்த வேர்த்திட்டுகளில் நிற்கும்; அங்கே பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இக்காட்டில் அற்றுப்போன காட்டெருதை, 1929 முதல் அடைப்புகளில் வளர்த்துப் பெருக்கி, 1952-இல் மீண்டும் காட்டில் விடத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் வைக்கோல் வைக்கும் இடங்களுக்கு அவை கூட்டமாக வருவதால், அப்போது காண்பது எளிது. எனினும் தொலைவில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பதே முறை. பறவைகளுக்காகவென்றால் மே மாதத்தில், விடியும் முன்பே புறப்படுங்கள். அப்போது உண்ணிகளும் இருக்கும், அவை மூளையழற்சி நோயைப் பரப்பக்கூடியவை. முழுக்கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள்; தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் சில மாதங்களுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.