ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்: 6746328388800

பத்து இலக்கங்களுக்கு மேற்பட்ட முழு எண்களில் மனத்துக்கு நெருக்கமான ஒன்றையும் அதன் பண்புகளையும் கேட்டிருக்கிறீர்கள். என் விடை 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 1915-இல் ராமானுஜன் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், மிகு பகு எண்களின் பட்டியல் இந்த எண்ணோடுதான் முடிகிறது. 1912-இல் அவர் எழுத்தராகச் சேர்ந்த துறைமுகம், நான் வசிக்கும் ராயபுரத்தை ஒட்டியே இருப்பதால், இந்த எண்ணை எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு அதிகக் காரணிகளைக் கொண்ட எண்ணே மிகு பகு எண். 12-க்கு 6 காரணிகள் உண்டு; அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை.

நம் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என வரும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080 காரணிகள். இந்த வடிவம் தற்செயலானது அன்று. 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை இடம் மாற்றி 2⁴ × 3⁶ என எழுதினால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது. ஆனால் எண் மட்டும் 9/4 மடங்கு பெருத்துவிடும். 23-ஐ நீக்கி 29-ஐ வைத்தாலும் இதே கதைதான். ஆகவே மிகு பகு எண்ணில் பகா எண்கள் 2-இலிருந்து இடைவெளியின்றி வர வேண்டும், அடுக்குகள் போகப்போக ஏறவே கூடாது என்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் தாமே நிறுவிவிடலாம். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றெல்லா மிகு பகு எண்களிலும் 1 ஆகவே இருக்கும் என்பதற்கு மட்டும் சற்று உழைக்க வேண்டும். அதையும் ராமானுஜன் நிறுவியிருக்கிறார்.

1 முதல் 28 வரை எல்லா எண்களும் நம் எண்ணை மீதியின்றி வகுக்கும், 29 வகுக்காது. இது முழு வர்க்கம் அன்று என்பதால் காரணிகள் 5040 சோடிகளாக அமைகின்றன. ஒவ்வொரு சோடியிலும் சிறியது 26 லட்சத்துக்குக் கீழேதான் இருக்கும் என்பது, எண்ணின் பருமனைப் பார்க்கையில், எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 5040, 10080 இரண்டுமே மிகு பகு எண்கள் என்பதையும் கவனியுங்கள்.

ராமானுஜனின் பட்டியலில் 102 எண்கள் உள்ளன. ஒரே ஒரு மிகு பகு எண் அதில் விடுபட்டுவிட்டது. அது 293318625600. அதைப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, காரணிகள் 5040. அதாவது, பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது விடுபட்ட அந்த எண்ணேதான்.